ஐந்து மணி ஷட்டர்

ஜனவரி 9

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நலம். உன் நலத்தை உன் அம்மா வாரம் இரண்டு முறை போனில் கேட்டுத் தெரிந்துகொண்டு, எனக்கு எவ்வளவு போதுமோ அவ்வளவு மட்டும் அளந்து ஊற்றுகிறாள். நீ என்னோடு பேசி பதினான்கு மாதம் ஆகிறது. "அவருக்கு ஏதாவது சொல்லணும்னா எழுதி அனுப்பட்டும், போன்ல ஜோக் அடிச்சே நழுவிடுவாரு" என்று நீ சொன்னதாகத் தகவல். பத்தாம் வகுப்பின் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டவனைக் கடிதம் எழுதச் சொல்வது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று உனக்குத் தெரியும். தெரிந்தேதான் கொடுத்திருக்கிறாய்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்களைப் போன்ற வங்கிக் காவலர்களுக்கு வருஷத்துக்கு ஒரு முறை சுடும் தேர்வு உண்டு அல்லவா. பத்துத் தோட்டா, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம். ஆறு உள்ளே போனால் தேர்ச்சி. இருபது வருஷம் எட்டுக்குக் கீழே இறங்காதவன் நான். கடைசி இரண்டு வருஷம் ஆறு, ஆறு என்று தள்ளிக்கொண்டு வந்தேன். இந்த முறை நாலு. மிச்ச ஆறும் எங்கே போயின என்று பின்னால் இருக்கும் மண்மேட்டைத்தான் கேட்க வேண்டும்.

சுடுதளத்து மாஸ்டர் தோளில் கை போட்டுச் சொன்னார்: "அண்ணே, வெடிக்கிறதுக்கு முன்னாடியே உங்க தோள் துள்ளுது. சத்தம் வரப்போகுதுன்னு அதுக்கு மட்டும் யாரோ தந்தி அடிச்சுடுறாங்க."

இன்னும் இரண்டு வாய்ப்பு. பிப்ரவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று. அதுவும் போனால் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு கையில் ஒரு விசிலைத் திணித்து வண்டி நிறுத்துமிடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். இந்த வயதில் "ரிவர்ஸ் வாங்க, ரிவர்ஸ் வாங்க" என்று பாட வேண்டும். எனக்குக் குரல் வளம் போதாது.

கை கால் நடுங்காமல் வைத்துக்கொள்வதுதானே உன் தொழில்? கராத்தேயில் இதற்கு மருந்து உண்டா?

"இப்ப மட்டும் என் கராத்தே வேணுமா?" என்று நீ கேட்பது இங்கே கேட்கிறது. வேண்டும் அம்மா.

அன்புடன்,
அப்பா


ஜனவரி 17

அப்பாவுக்கு,

வாலு என்று எழுதாதீர்கள். எனக்கு முப்பத்தொரு வயது. கடிதத்தைப் பிரித்துக் கொடுத்தவள் என் மாணவி. என் முதுகுக்குப் பின்னால் கூடமே இப்போது அந்தப் பெயரைத்தான் சொல்கிறது.

கேட்டதற்குப் பதில் சொல்லும் முன் ஒன்று. நான் பயிற்சிக்கூடம் திறந்த அன்று, பிள்ளைகளும் பெற்றோர்களும் நிறைந்திருந்த இடத்தில், வங்கிச் சீருடையோடு வந்து நின்று சொன்னீர்கள்: "பத்தடி தள்ளி துப்பாக்கியோட ஒருத்தன் நின்னா, உங்க டீச்சரோட கறுப்புப் பட்டை என்ன பண்ணும்? கொடி கட்டித் துணி காயப் போடலாமா?" எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் நான்கு பிள்ளைகள் வரவில்லை. இதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. இல்லை என்பதைக் குறித்து வைத்துக்கொள்கிறேன். அவ்வளவுதான்.

இனி உங்கள் தோள். துப்பாக்கியை நான் தொட்டதில்லை. அடிப்பது பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன். பாதங்களைத் தோள் அகலத்துக்கு வையுங்கள். முழங்கால் பூட்டிக்கொள்ளக் கூடாது. மூச்சை அடிவயிற்றுக்கு இறக்குங்கள். குத்து போய்ச் சேரும் கணம் வரை உடம்பு தளர்வாக இருக்க வேண்டும். சேரும் அந்த ஒரு கணத்தில் மட்டும் கால் விரலிலிருந்து கைமுட்டி வரை மொத்தமும் இறுக வேண்டும், மூச்சு வயிற்றிலிருந்து ஒரே வீச்சில் வெளியே வர வேண்டும். தயக்கம் அதோடு போய்விடும். புதிதாகச் சேர்கிறவர்களைக் கத்தச் சொல்வோம். கத்தினால் மூச்சு தானாக வந்துவிடும்.

தினமும் காலையில் ஐம்பது முறை செய்யுங்கள்.

மகள்


பிப்ரவரி 12

மரியாதைக்குரிய கராத்தே ஆசிரியை அவர்களுக்கு,

(வாலு என்று எழுதவில்லை. கவனித்தாயா?)

சொன்னபடி தினமும் காலையில் துடைப்பக் கட்டையைத் துப்பாக்கியாகப் பிடித்து ஐம்பது முறை செய்தேன். மேல்வீட்டுக்காரர் மூன்றாம் நாள் இறங்கி வந்து உன் அம்மாவிடம் தணிந்த குரலில், "வீட்ல ஏதும் பிரச்சனையாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நேற்று தேர்வு. எட்டுப் பேர் வரிசையாக நின்றோம். என் பக்கத்தில் வேறொரு வங்கிக்காரர், மீசையைப் பார்த்தாலே கொள்ளைக்காரன் திரும்பிப் போய்விடுவான், அப்படி ஒரு ஆள். நான் பாதத்தை அகட்டி வைத்தேன். மூச்சை இறக்கினேன். விசையை அழுத்தும் அந்த ஒரு கணத்தில் கால் விரலிலிருந்து மொத்தமும் இறுக்கி, வயிற்றிலிருந்து "ஹாஆ!" என்று விட்டேன்.

மீசைக்காரர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் குப்புறப் படுத்துவிட்டார். மாஸ்டர் விசிலை ஊதிச் சிவப்புக் கொடியைக் காட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"யாருக்குங்க அடி?"

"யாருக்கும் இல்ல சார். மூச்சு விட்டேன்."

"இதுவா மூச்சு?"

மீதி ஒன்பதையும் கத்தாமல், ஆனால் நீ சொன்னபடி இறுக்கியே சுட்டேன். மொத்தம் இரண்டு. நாலு போய் இரண்டு. மீசைக்காரர் மண்ணைத் தட்டிக்கொண்டே வந்து ஆறுதல் சொன்னார்: "அண்ணே, உங்களுக்குத் தோட்டாவே வேணாம். அந்தக் கத்தலுக்கே திருடன் சரண்டர் ஆயிடுவான்."

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். சிரித்தாள். அப்புறம் சமையலறைக்குள் போய்விட்டாள், வெகுநேரம் வெளியே வரவில்லை. நானும் இங்கே எழுதும்போதுதான் சிரிக்கிறேன். ஏப்ரல் ஒன்றுதான் பாக்கி.

அப்பா


பிப்ரவரி 20

அப்பா,

தப்பு என்னுடையது. துப்பாக்கியைத் தொடாமலேயே அதைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தேன். என் மாணவி யாராவது அப்படிச் செய்தால் அன்றைக்குக் கூடத்தைப் பெருக்கச் சொல்வேன். நேற்று நான் பெருக்கினேன்.

ஒரு கேள்வி. இருபது வருஷம் எட்டுக்குக் குறையாத கை, மூன்று வருஷமாக ஏன் துள்ளுகிறது? வயது என்று எழுதாதீர்கள். வயது மெதுவாக வரும். என்ன நடந்தது?

ஜோக் இல்லாமல் எழுதுங்கள். ஒரு தடவை.

மகள்


மார்ச் 1

அன்பு மகளுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். உன் அம்மாவுக்கும் இது தெரியாது.

வங்கியில் பெட்டக அறைக்குப் போகிற குறுகலான வழியில் ஓர் இரும்பு ஷட்டர் இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு இறக்குவோம். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அதன் ஸ்பிரிங் அறுந்து, இறக்கும் முன்பே தானாக விழுந்தது. அந்தச் சத்தம் அப்படியே வெடிச் சத்தம். நான் திரும்பிக்கொண்டே துப்பாக்கியைத் தூக்கிவிட்டேன். உள்ளே தோட்டா இருந்தது. விரல் விசையின் மேல் இருந்தது.

குழலுக்கு எதிரே ஆறடியில் எங்களுக்கு டீ கொண்டு வந்து கொடுக்கிற அக்கா, தட்டோடு நின்றாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஒரு மூச்சு இருக்கும். விரல் பாதி அழுத்திவிட்டது, அது எனக்குத் தெரியும். அப்புறம் குழலை இறக்கினேன். அந்த அக்கா ஒரு டம்ளரைக்கூடத் தவற விடவில்லை. தட்டை மேஜை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவளும் யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அன்றிலிருந்து என்னிடம் நேராகப் பேசுவதில்லை.

அன்று மேனேஜரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். "என்ன ஆச்சு?" என்று கேட்பாரே என்று பயந்தேன். அதனால் ஷட்டரைப் பற்றியும் புகார் எழுதவில்லை. கயிறு ஒன்றைக் கட்டிச் சமாளிக்கிறோம். கயிற்றை விட்டால் இன்றைக்கும் தினம் ஐந்து மணிக்கு அதே சத்தத்தோடுதான் விழுகிறது. எனக்கும் தினம் தோள் துள்ளுகிறது.

உன் கூடத்தில் நான் பேசிய பேச்சு இதற்கு அப்புறம் நடந்தது. எண்ணிப் பார். என் கையைக் கண்டு எனக்கே பயம். துப்பாக்கி பெரிய விஷயம், அதை வைத்திருக்கிற நானும் பெரிய ஆள் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று இருந்தது. அங்கே நீ வெறுங்கையோடு எவ்வளவு நிதானமாக நின்றாய். எனக்குப் பொறுக்கவில்லை. மகள் மேலேயே பொறாமை, பார்த்துக்கொள். அந்த நாலு பிள்ளைகளை உன்னிடமிருந்து நான்தான் விரட்டினேன். தப்பு என்னுடையது. மன்னித்துக்கொள் அம்மா.

அப்பா


மார்ச் 9

அன்புள்ள அப்பா,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மன்னிப்பைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம். அது இப்போது என் கையில் பத்திரமாக இருக்கிறது.

சனிக்கிழமை இங்கே ஒரு சுடுதளத்துக்குப் போனேன். பணம் கட்டினால் சொல்லித் தருகிறார்கள். பத்துக்கு மூன்று. உங்களைவிட ஒன்று அதிகம், கத்தாமலேயே. சொல்லிக் கொடுத்த அம்மாள் எனக்குத் தெரியாமல் நடுவில் ஒரு காலித் தோட்டாவைப் போட்டு வைத்துவிட்டார். விசையை அழுத்தினேன். "டக்" என்றது, வெடிக்கவில்லை. ஆனால் குழல் நான்கு விரல் கீழே குனிந்தது. வெடிக்காத துப்பாக்கிக்கு என் கை குத்து விட்டிருக்கிறது.

"என்ன வேலை பாக்குறீங்க?" என்றார்.

"கராத்தே சொல்லித் தரேன்."

"அதான். அடிக்கிற கை. இங்க அடிக்கிறது துப்பாக்கி, நீங்க இல்ல. நீங்க சும்மா இருந்தா போதும்."

பதினெட்டு வருஷமாக என் உடம்புக்கு அந்தக் கணத்தில் இறுகு, இறுகு என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதையே உங்களுக்கும் அனுப்பினேன். குத்துக்கு அது சரி. விசைக்கு அது விஷம். பாதமும் மூச்சும் இரண்டுக்கும் பொது. மற்றது அப்படியே தலைகீழ்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உங்கள் ஷட்டர் ஞாபகம் வந்தது. தினம் ஐந்து மணிக்கு விழுகிறது, தினம் தோள் துள்ளுகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அப்பா, லீவு நாளைக் கழித்தாலும் எண்ணூறு தடவைக்கு மேல் வருகிறது. ஒரு நாள் தவறாமல், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு துள்ளுவதற்குப் பயிற்சி எடுத்திருக்கிறீர்கள். இப்படி ஒழுங்காக வருகிற மாணவர் என்னிடம் ஒருவர்கூட இல்லை.

கராத்தேயில் குத்துவதைவிட முதலில் பழக்குவது வேறொன்று. எதிரே நிற்கிறவரின் முஷ்டி மூக்குக்கு ஒரு விரல் முன்னால் வந்து நிற்கும். நாம் கண் சிமிட்டக் கூடாது. முதல் வாரம் எல்லாரும் சிமிட்டுவார்கள். மூன்றாம் மாதம் நின்றுவிடும். அதில் வீரம் ஒன்றும் இல்லை. முஷ்டி வந்தது, ஒன்றும் ஆகவில்லை, வந்தது, ஒன்றும் ஆகவில்லை என்று உடம்பு கணக்குப் போட்டுப் பார்த்து ஓய்ந்துவிடும்.

அதனால் துப்பாக்கியை வேறு காவலரிடம் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு அந்த ஷட்டருக்குப் பக்கத்தில் நில்லுங்கள். யாராவது அதை விழ விடட்டும். திரும்பத் திரும்ப.

ஆனால் அதற்கு முன் அந்த அக்காவிடம் போங்கள். எதிரே நின்றவருக்குத் தலை வணங்காமல் எங்களிடம் அடுத்த சுற்று கிடையாது. மேனேஜரிடமும் சொல்லுங்கள். துப்பாக்கியை அன்றைக்கே வாங்கிவிடுவாரோ என்று பயமாக இருக்கும். இருந்தாலும்.

மகள்


மார்ச் 28

அன்பு மகளுக்கு,

சொன்னேன். இரண்டு பேரிடமும்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து, கண்ணாடியே தேய்ந்துவிடும் போலிருந்தது. "மூணு வருஷத்துக்கு முன்னாடி நடந்ததுக்கு இப்ப நான் என்னத்த எழுதறது?" என்றார். எழுதினார். தேர்வு முடியும்வரை தோட்டா போடாத துப்பாக்கிதான் எனக்கு. தோட்டாவோடு நிற்பது இன்னொரு காவலர். ஷட்டருக்கு உடனே ஆள் கூப்பிடக் கிளம்பியவரைக் கையைப் பிடித்து நிறுத்தினேன். "ஏப்ரல் பத்து வரைக்கும் விட்டு வைங்க சார். அதுகிட்ட எனக்குக் கொஞ்சம் பயிற்சி பாக்கி இருக்கு." மனுஷன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் சரி என்றார்.

டீ அக்காவிடம் போனதுதான் கஷ்டம். டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள்..."

"பதினொண்ணாம் தேதி. வியாழக்கிழமை."

"ஞாபகம் இருக்கா?"

"எம்மேல தினமுமா துப்பாக்கி நீட்டுறாங்க, மறந்து போறதுக்கு?"

"மன்னிச்சிடுங்கக்கா. அன்னிக்கே கேட்டிருக்கணும். பயமா இருந்துச்சு."

"நல்லா இருக்கே! துப்பாக்கி உங்க கையில, பயம் உங்களுக்கா? அன்னிக்கு ராத்திரி எம்பொண்ணுகிட்ட சாவி எங்க இருக்கு, சீட்டுப் பணம் எங்க இருக்குன்னு எல்லாத்தையும் சொல்லி வெச்சேன். எதுக்கும்மா சொல்றேன்னு கேட்டா. சும்மான்னேன்."

தலை குனிந்து நின்றேன். நீ சொன்ன வணக்கமாக அது ஆகுமா என்று தெரியவில்லை. அவள் கடைசி டம்ளரையும் கழுவிக் கவிழ்த்தாள். அப்புறம் நான் என்ன செய்யப் போகிறேன் என்று கேட்டாள். ஷட்டர் பயிற்சியைச் சொன்னேன்.

"யாரு போடப் போறா ஷட்டர?"

"இன்னும் யாரும் இல்ல."

"நான் போடறேன்," என்றாள். சேலை முந்தானையை இடுப்பில் செருகினாள் பார், அங்கேயே எனக்கு மன்னிப்பு இல்லை என்று தெரிந்துவிட்டது.

இரண்டு வாரமாக ஐந்து மணிக்குப் பத்துத் தடவை ஏற்றி ஏற்றி விடுகிறாள். முதல் நாள் நான் துள்ளியதில் தொப்பி பறந்தது. கணக்கெழுதும் தம்பி கைதட்டினான். நாலாம் நாள், "இன்னிக்குத் தொப்பி நின்னுச்சு, மீசை மட்டும் ஆடுச்சு" என்றாள். அவள்தான் எனக்கு மதிப்பெண் போடுகிறாள். பத்தாம் நாளுக்கு மேல் கண்ணில் மட்டும் ஒரு துடிப்பு.

நேற்று அவள் மகளுக்கு வரன் பார்க்கிற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பையனுக்கு உயரம் போதவில்லையாம். "உயரத்த வெச்சு என்னக்கா பண்றது, பரண்ல இருந்து பாத்திரம் எடுக்க ஸ்டூல் இருக்கே" என்று நான் சொல்லி முடித்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நடுவுல ஷட்டர விட்டேன். கேட்டுச்சா?"

கேட்டிருந்தது அம்மா. ஆனால் ஷட்டர் விழுந்த சத்தம் மாதிரி கேட்டது.

அப்பா


ஏப்ரல் 14

அன்பு மகளுக்கு,

தேர்வு பத்தாம் தேதி முடிந்தது. முழுதாகப் படி, பாதியில் அம்மாவுக்குப் போன் பண்ணாதே.

கத்தவில்லை. மீசைக்காரர் என்னைக் கண்டதும் இரண்டு இடம் தள்ளிப் போய் நின்றுகொண்டார், அவர் நலம் அவருக்கு. பாதம் நீ சொன்னபடி. மூச்சு நீ சொன்னபடி. மற்றது நீ சொல்லாதபடி. பத்துத் தடவையும் தோள் அசையவில்லை. வெடிக்கிறது துப்பாக்கி, நான் இல்லை என்று சும்மா இருந்தேன். வாழ்க்கையில் சும்மா இருப்பதற்கு எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

தாளைக் கொண்டு வந்தார்கள். வட்டத்துக்குள் ஐந்து. மாஸ்டர் சிவப்பு மையில் "5, தேர்ச்சி இல்லை" என்று எழுதிவிட்டார்.

நான் துப்பாக்கியை அவர் மேஜையில் வைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அழுகை வரவில்லை. கை துள்ளாமல் தோற்றோமே, இது வேறு மாதிரித் தோல்வி, விசிலையும் துள்ளாமல் ஊதிவிடலாம் என்று இருந்தது. மாஸ்டர் தாளை மேஜையில் வைத்தவர் மறுபடி எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அண்ணே, பத்தும் ஒரே இடத்துல போயிருக்கு. வட்டத்தோட இடது ஓரத்துல. ஒண்ணுகூடச் சிதறல."

அந்தத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய் வேறொரு தாளில் அவரே மூன்று சுட்டார். அவருடைய மூன்றும் அதே இடது ஓரத்தில். குழல் நுனியில் குறி பார்க்க ஒரு சின்ன முள் இருக்குமே, அது ஒரு மயிரிழை சாய்ந்திருந்தது. யாரோ கீழே போட்டிருக்கிறார்கள். "கைல கோளாறு இருந்தா நாலாப் பக்கமும் போகும். இது துப்பாக்கியோட கோளாறு. கை கல்லு மாதிரி இருந்தாதான் கோளாறே தெரியும்" என்றார். சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டி முள்ளைச் சரிசெய்தார். மேலிடத்துக்குப் போன் போட்டு அனுமதி வாங்கினார். மறுபடி பத்து கொடுத்தார்.

எட்டு.

ஷட்டரும் பதினோராம் தேதி சரியாகிவிட்டது. இப்போது பூனை மாதிரி இறங்குகிறது. டீ அக்காவுக்கு வருத்தம். "பொழுதே போக மாட்டேங்குது" என்கிறாள்.

எட்டு வாங்கிய தாள் அலுவலகக் கோப்புக்குப் போய்விட்டது. சிவப்பு மை போட்ட ஐந்து யாருக்கும் வேண்டாம் என்றார்கள். எனக்கு வேண்டும் என்று வாங்கி, மடித்து இதோடு வைத்திருக்கிறேன். அதற்கு உரியவள் நீதான்.

அப்பா


ஏப்ரல் 20

அப்பா,

தாளைப் பயிற்சிக்கூடத்துத் தரையில் விரித்துப் பார்த்தேன். உள்ளங்கையை அதன் மேல் வைத்தேன். பத்து ஓட்டையும் மறைந்துவிட்டன.

பிள்ளைகள் சுற்றி நின்று இது என்ன என்று கேட்டார்கள். என் அப்பா தேர்வில் தோற்ற தாள் என்றேன். ஏன் டீச்சர் சிரிக்கிறீங்க என்றார்கள். வந்து அவரிடமே கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிறு, காலை ஒன்பது மணி. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். சீருடை வேண்டாம்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். போன தடவை அதையும் செய்யவில்லை.

மகள்